கன்னிமூலை ஈரம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் தண்ணீரில்தான் வந்து நிற்கிறது. எந்தக் கேன் நல்லது, எந்த மெஷின் உப்பைப் பிரிக்கும், எந்தத் தண்ணீர் முட்டுவலிக்கு ஆகாது. நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். போன மாதம் நம்மில் ஒருத்தியின் மகள் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு எல்லோரும் சேர்ந்து போனோமே, அங்கே நான் ஏன் இலையில் உட்காராமல் திரும்பினேன் என்று கேட்டீர்கள். சர்க்கரை கூடிவிட்டது என்றேன். அது பொய். வீட்டைச் சுற்றிக் காட்டிய மாப்பிள்ளை சாமியறை வாசலில் நின்று, "இது கன்னிமூலை, பாத்துப் பாத்துக் கட்டினது" என்றார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கியிருக்காது.

பொய் சொல்வது எனக்குப் புதிதல்ல. பத்து வயதில் நன்றாகவே சொல்லிப் பழகியிருந்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டு என்னைத் தேற்ற வராதீர்கள்.

சுசீந்திரத்துக்கு இந்தப் பக்கம், சுற்றிலும் வயல் கிடக்கும் ஊர் எங்களுடையது. ஒரே வீட்டில் இரண்டு குடும்பமாக இருந்தோம். பெரியப்பாவும் பெரியம்மையும், அப்பா, அம்மை, நான், மூன்று வயதுத் தம்பி. பெரியம்மைக்குப் பிள்ளை கிடையாது. தம்பி பிறந்த நாள் முதல் அவனைக் குளிப்பாட்டுவது, உறக்குவது எல்லாம் அவள்தான். அம்மைக்கு அது சௌகரியமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அடுக்களை ஒன்று. உப்பு வைக்கும் மரக்கிண்ணம், உப்புமரவை, பெரியம்மையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அம்மை கல்யாணமாகி வந்து பதினோரு வருஷம், தினமும் காலையில் "இன்னைக்கு என்னக்கா வைக்கட்டு?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டினாள். பெரியம்மை அதட்டிப் பேசுகிறவள் அல்ல. கேட்காவிட்டாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அம்மை கேட்டாள், ஒவ்வொரு நாளும் கேட்டாள், கேட்டுக் கேட்டு உள்ளே புண்ணாகிப்போனாள். யாரையும் கேட்காமல் உப்புப் போட ஓர் அடுக்களை வேண்டும் என்பதே அவள் அப்பாவிடம் வைத்த ஒரே விண்ணப்பம்.

அப்பா அவள் சொல்லை மீறுகிறவர் அல்ல. சானல் என்று நாங்கள் சொல்லும் பாசனக் கால்வாயைத் தாண்டி இருந்த தன் பங்கு வயலில் ஒரு பாதியை மண்ணடித்து மேடாக்கினார். விளைகிற வயலை மூடுகிறானே என்று ஊரே முகம் சுளித்தது. மாட்டுவண்டி மாட்டுவண்டியாகச் செம்மண் வந்து விழுந்ததை நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நின்று பார்ப்பேன். அந்த வயலில் எனக்குத் தெரிந்த ஓர் ஊற்று உண்டு. அறுப்பு நாளில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனால், வரப்போரக் குழியில் சேம்பு இலையைக் கோட்டி முக்கித் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார். நாக்குக்குச் சில்லென்று இருக்கும். வேலைக்கு வந்த அத்தனை பேரும் அதைத்தான் குடிப்பார்கள். மண் விழுந்த பிறகு அந்தக் குழி எந்த இடத்தில் இருந்தது என்றே எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஆசாரி வந்து கயிறு பிடித்து மூலை பிரித்தார். வடகிழக்கு ஈசானமூலையில் கிணறு. தென்கிழக்கில் அடுக்களை. தென்மேற்கைத்தான் நம் பக்கத்தில் கன்னிமூலை என்போம், அங்கே சாமியறை. கிணறு வெட்ட வந்தவர் கன்னிமூலைப் பக்கம் போய்க் குதிகாலால் தரையை மிதித்து மிதித்துப் பார்த்துவிட்டு அப்பாவை அழைத்து ஏதோ சொன்னார். அப்பா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். பெரியவர்கள் பேச்சு என்று நான் அதைக் கவனிக்கவில்லை.

ஆவணியில் பால்காய்ச்சு. விளக்கு, உப்பு, அரிசி, மஞ்சள் என்று ஒவ்வொன்றாக உள்ளே போனது. பழைய வீட்டுக் கிணற்றிலிருந்து நிறைகுடம் எடுத்துவந்தவள் பெரியம்மை. செம்புக் குடத்தைப் புளிபோட்டுத் தேய்த்து, இடுப்பில் வைத்து, சானல் பாலம் வழியாக ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்து வந்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வந்திருந்த பெண்கள் எல்லோரும் கேட்க, அம்மையின் கன்னத்தில் லேசாகத் தட்டிச் சொன்னாள்.

"தனிக்குடித்தனம் வந்தாலும் தண்ணிக்கு அங்கதான் வரணும், கேட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மையும் சிரித்தாள். பிறகு அடுக்களைக்குள் வந்து பாயசத்தைக் கிண்டிக்கொண்டே, ஏலக்காய் உரித்துக்கொண்டிருந்த என்னிடம் சொன்னாளோ, தனக்குத்தானே சொன்னாளோ தெரியாது.

"இந்த விளக்கு சாட்சி. அந்தக் கெணத்துத் தண்ணி இனி என் தொண்டையில எறங்காது."

வீட்டின் முதல் வாரத்தைச் சொல்லாமல் விட்டால் அம்மைக்கு அநியாயம் செய்தவளாவேன். அவள் பாடிக்கொண்டே வேலை செய்தாள். அடுக்களையில் வயலைப் பார்த்து ஒரு சன்னல் இருந்தது. காரணமே இல்லாமல் அதைத் திறப்பாள், மூடுவாள். உப்புமரவையை மூன்று இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். காலி அறைகளில் தம்பி கத்தினால் திரும்ப ஒலி வரும். அவன் அதற்காகவே கத்துவான். வீட்டுக்குள்ளேயே குளிமுறி இருந்தும், யாருக்கும் உள்ளே நின்று குளிக்க மனசு வராமல் அது விறகு வைக்கும் இடமாயிற்று. கொக்குகளுக்கு வயல் போன விவரம் தெரியவில்லை. காலையில் வந்து முற்றத்தில் ஒற்றைக் காலில் நின்று பார்த்துவிட்டுப் பறந்துபோகும். அம்மை அவற்றைப் பார்த்துச் சிரிப்பாள். அவ்வளவு வாய்விட்டு அவள் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

ஒரே ஒரு குறை. தம்பி உறங்கமாட்டான். பொழுது சாய்ந்ததும் பெரியம்மையைக் கேட்டு அழத் தொடங்கிவிடுவான். அம்மை தோளில் போட்டுக்கொண்டு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடப்பாள்.

இரண்டாவது வாரம் தண்ணீர் தன் குணத்தைக் காட்டியது. இறைக்கும்போது தெளிவாகத்தான் வரும். ஒரு மணி நேரம் வைத்தால் மேலே எண்ணெய் போல ஓர் ஆடை. அடியில் காவிநிற வண்டல். சோறு பழுப்பாக வெந்தது. பருப்பு வேகவே மறுத்தது. தேயிலை போட்டால் மை போலக் கறுத்தது. தீயலும் புளிக்கறியும் வைப்பதில் அம்மைக்குப் பெயர் உண்டு. ஊரில் சடங்கு வீட்டுக்காரர்கள் அவளைக் கூப்பிட்டனுப்பி ருசி பார்க்கச் சொல்வார்கள். அந்தக் கையால் வைத்த குழம்பில் துருப்பிடித்த ஆணியைப் போட்ட மாதிரி ஒரு வாடை. அப்பா ஒன்றும் சொல்லாமல் உண்டார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் அம்மையைக் கொன்றது.

என் வெள்ளைச் சட்டை மாதம் ஒன்றாவதற்குள் தேயிலைக் கறை நிறத்துக்கு வந்துவிட்டது. அம்மை துவைப்பதே இல்லையா என்று டீச்சர் வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்டாள். அதை நான் வீட்டில் போய்ச் சொல்லவும் செய்தேன். பிள்ளைகளுக்கு எங்கே என்ன சொல்ல வேண்டும் என்று தெரிவதில்லை. அன்றைக்கு அம்மை என் சட்டையைக் கல்லில் அறைந்து அறைந்தே தையலைப் பிரித்துவிட்டாள்.

அப்பா தன்னால் ஆனதைச் செய்தார். கிணற்றுக்குள் நெல்லிப் பலகை இறக்கினார். சுண்ணாம்பு கலக்கினார். கரியும் மணலும் போட்டு மூன்று பானையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் நம்பிக்கை இருக்கும். அம்மை டம்ளரில் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள், அப்பா அவள் முகத்தைப் பார்ப்பார். மூன்றாம் நாள் மறுபடி ஆடை மிதக்கும்.

தம்பிக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. அது தண்ணீரால்தானா, பெரியம்மையைப் பிரிந்த ஏக்கத்தாலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எலும்பும் தோலுமாகிக்கொண்டு வந்தான். தெருக் குழாய் எல்லாம் வராத காலம், அம்மை இருந்தவரை சானலைத் தாண்டி வரவும் இல்லை. நல்ல தண்ணீர் உள்ள கிணறு என்றால் சானலுக்கு அந்தப் பக்கம் பழைய வீட்டுக் கிணறுதான். எல்லோருக்கும் அது தெரியும்.

நான்தான் தூக்குவாளியை எடுத்தேன். மூடி போட்ட அலுமினியத் தூக்குவாளி, மூன்று படி தண்ணீர் கொள்ளும். பள்ளிக்கூடம் விட்டதும் பழைய வீட்டுக்குப் போய்க் கிணற்றடியில் நின்றேன். பெரியம்மை என் சட்டையையும் வாளியையும் பார்த்தாள். முதல் வாளியை இறைத்துத் தென்னைக்கு ஊற்றிவிட்டு, இரண்டாவதை எனக்கு நிறைத்தாள். கிளம்பும்போதுதான், "அம்மை சொல்லியா வந்தே?" என்றாள். அவள் கேட்டதிலேயே என்ன பதில் வேண்டும் என்பது தெரிந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

வீட்டில் அம்மை கேட்டபோது கோயில் கிணற்றுத் தண்ணீர் என்றேன். பூசைக்கு மட்டுமே இறைக்கிற கிணற்றில் உனக்கு யார் இறைத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டாள். பூ கட்டுகிற அக்கா என்றேன். பொய் எவ்வளவு சரளமாக வருகிறது பாருங்கள். அம்மை தூக்குவாளியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தாள். நின்றபடியே இன்னொரு டம்ளர். பதினோரு வருஷம் குடித்த தண்ணீர் நாக்குக்குத் தெரியாமலா இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாள் என்றால், அவளுக்கு அந்தப் பொய் எவ்வளவு வேண்டியிருந்திருக்கும்.

ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே நடந்தது. அந்தத் தண்ணீர் தம்பிக்குக் குடிக்க, ஒரு ரசம் வைக்க, அம்மைக்கு ஒரு டம்ளர். தம்பிக்கு வயிற்றுப்போக்கு நின்றது. அம்மை மறுபடியும் சன்னலைத் திறந்து வைத்தாள். அந்தப் பக்கம் பெரியம்மை தினமும் கிணற்றடியில் காத்து நிற்பாள். தம்பி குடித்தானா, உறங்கினானா, அம்மை என்ன சொன்னாள் என்று கேட்பாள். நான் ஒவ்வொரு நாளும் ஒன்று கட்டிச் சொல்வேன். அக்கா தண்ணீரில் ரசம் வைத்தால்தான் ரசம் என்று அம்மை சொன்னாள் என்றேன். பெரியம்மைக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, எனக்கு இரண்டு முந்திரிக்கொத்துப் பலகாரம் கொடுத்தாள். எனக்கு அது கூலி மாதிரி ஆயிற்று. மறுநாள் இன்னும் நன்றாகச் சொன்னேன்.

அந்தப் பால்காய்ச்சு நாளில் அவள் சொன்னது பெருமையோ குத்தலோ அல்ல. பிள்ளையில்லாத வீடு அடியோடு காலியாகிறது; தண்ணீருக்காவது தினமும் வந்து போ என்று கேட்க வாய் வராமல், கேலியாகச் சொல்லிவிட்டாள். எனக்கே இது நரை விழுந்த பிறகுதான் விளங்கியது. அம்மைக்கு விளங்கவே இல்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் மதியம் பள்ளிக்கூடத்தை முன்னதாகவே விட்டுவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வயல் மடை பார்க்கப் போயிருந்தார். மழை சற்று விட்ட நேரம், பெரியம்மை சானல் பாலத்தைத் தாண்டி வருவது சன்னலில் தெரிந்தது. இடுப்பில் அந்தச் செம்புக் குடம். தலையில் பனையோலைத் தொப்பி. முழங்கால்வரை சேறு.

முற்றத்தில் நின்றபடியே சொன்னாள். "மழையில புள்ளைய எதுக்குச் சொமக்க வைக்கணும்? நானே கொண்டு வந்துட்டேன். நீ ரசம் வைப்பேன்னு சொல்லியனுப்பினேல்லா."

அம்மை குடத்தை வாங்கினாள். மரியாதையாகத்தான் வாங்கினாள். "இது எங்க உள்ள தண்ணியக்கா?" என்றாள்.

"நம்ம கெணத்துத் தண்ணிதான். தெனமும் குடிக்கியே, தெரியலியா?"

அம்மை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் துண்டைத் தலையில் போட்டு முகத்தை மூடிக்கொண்டேன். மூடினாலும் தெரிந்தது. அவள் முற்றத்து ஓரம் போய், புதிதாக நட்டிருந்த வாழைக்கன்றின் மூட்டில் குடத்தைச் சாய்த்தாள். வேகமாகக் கொட்டவில்லை. கடைசிச் சொட்டுவரை பொறுமையாக ஊற்றினாள். பிறகு எங்கள் காவித் தண்ணீரில் குடத்தைக் கழுவிக் கவிழ்த்து, நிமிர்த்திக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பாத்திரத்தைக் கொண்டு போங்கக்கா."

பெரியம்மை என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தம்பி உள்ளிருந்து ஓடிவந்து அவள் சேற்றுக் காலைக் கட்டிக்கொண்டான். அவள் குனியும் முன்பே அம்மை வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டாள். தம்பி அம்மையின் தோளைக் கடித்தான். அவள் அசையவில்லை. பெரியம்மை காலிக் குடத்தை நிறைகுடம் தூக்குவது போலவே இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

அம்மை என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். "விளக்கு முன்னால சொன்ன சொல்லு போச்சே. என்னை நாக்கு இல்லாதவளாக்கிட்டியேட்டி" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கி வரக்கூட என்னை அனுப்பவில்லை. பெரியம்மை மறுபடி சானலைத் தாண்டி வரவே இல்லை. இருபது வருஷம் கழித்து அவள் இறந்தபோது அம்மை போய் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள், ஆனால் அங்கே யாரோ நீட்டிய காப்பியை வாங்காமல் வந்துவிட்டாள். அந்தத் தூக்குவாளி எங்கே போயிற்றோ தெரியாது. மூடி மட்டும் என்னிடம் இருக்கிறது. மாவுச் சட்டியை மூடி வைக்கிறேன்.

மழை விடவில்லை. வாரம் முழுதும் கொட்டியது. வீட்டில் மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க, சாமியறைத் தரை மட்டும் நனைந்தது. ஒழுக்கு இல்லை, கீழேயிருந்து கசிகிறது. அம்மை விளக்கேற்றும்முன் அதைத் துடைக்கும் வேலை எனக்கு. துணியை முக்கிப் பிழிந்து ஒரு போணிப் பாத்திரத்தில் விட்டேன். வெளியே கொட்ட மறந்து மூலையில் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால், சிமெண்டுத் தூசி அடியில் படிந்து மேலே தெளிவான தண்ணீர். ஆடையும் இல்லை, காவியும் இல்லை. எங்கள் வீட்டுக் கிணற்றில் இறைத்து ஓர் இரவு வைத்த தண்ணீர் காவியாகாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு டம்ளரைத் தரையோடு சரித்துப் பிடித்து, கசிவிலேயே நேராக நாலு வாய் சேர்த்தேன். குடித்தேன். சேம்பு இலையில் குடித்த அதே சில்லென்ற ருசி.

அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டினேன். உள்ளபடியே துள்ளிக்கொண்டுதான் போனேன். நான் கெடுத்ததை எல்லாம் நானே சரிசெய்யப்போகிறேன் என்று நினைத்தேன். அவர் டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். ஆச்சரியப்படவில்லை. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தெரியும் மக்கா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. இங்கே தோண்டலாமே என்றேன். அப்பா வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கன்னிமூலையில குழி வெட்டினா வீட்டுக்காரிக்கு ஆகாதுன்னு ஆசாரி சொன்னாரு. நல்ல தண்ணி இல்லாட்டியும் போகட்டு, உங்க அம்மை இருக்கணும்லா."

பிறகு, அம்மையிடம் சொல்லாதே என்றார். சொன்னால் அவளே மண்வெட்டி எடுத்துவிடுவாள். தன் உயிரைப் பற்றி நினைக்கமாட்டாள். அவர் சொன்னது சரிதான். அம்மை தோண்டியிருப்பாள். தோண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது, ஒரு வீட்டில் நல்ல குழம்பு வைத்திருப்பார்கள். இதை இன்று நான் சுலபமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அப்பா தன் தோள் துண்டாலேயே அந்த ஈரத்தைத் துடைத்து எடுத்தார். அவ்வளவு ஆசையை நான் எங்கும் கண்டதில்லை. அந்த ஆசைதான் அவளைச் சாகும்வரை காவித் தண்ணீர் குடிக்கவைத்தது.

மழை ஓய்ந்ததும் கொத்தனார் வந்து சாமியறைத் தரையைக் கொத்தி, அரையடிக் கனத்துக்குக் கான்கிரீட் போட்டு, மேலே சிவப்புச் சிமெண்டு இழைத்து மினுக்கினார். கசிவு நின்றது. ஈரம் நின்றதே என்று அம்மைக்கு ஒரே சந்தோஷம். பெரிய கார்த்திகை அன்று சாயங்காலம் அந்தப் புதுத் தரையில் கோலம் போட்டு, குத்துவிளக்கில் ஐந்து திரியும் ஏற்றினாள். தம்பி மறுபடியும் வயிறு ஒட்டிப்போய் அவள் தோளில் கிடந்தான். நான் பின்னால் நின்றேன். வெறுங்காலில் தரை குளிர்ந்தது.

அம்மை கண்ணை மூடிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே வேண்டினாள்.

"நல்ல தண்ணி ஒண்ணு காட்டித் தா சாமி. வேற ஒண்ணும் கேக்கல."

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் திரி ஒன்றைத் தூண்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அம்மை முப்பத்தொரு வருஷம் தினமும் அந்த இடத்தில் நின்று அதையேதான் கேட்டாள், நான் ஒரு நாளும் சொல்லவில்லை.